ஒரே எண்

அகுரெய்ரி துறைமுகத்துக்குப் பின்னால் என் பட்டறை.
பனிமேட்டில் ஏறும் வண்டிகளுக்கு மட்டும் கை வைப்பேன்,
இடுப்புக்கு மேல் டயர் நிற்கும் வண்டிகளுக்கு.

முன்பு கூரை விளக்குக்கு ஒரு கம்பி, வின்ச்சுக்கு ஒன்று,
கம்பி நுழைய நுழையத் தகரத்தில் ஓட்டை,
ஓட்டை வழியே உப்புக்காற்று புகுந்து
துரு குட்டி போட்டுக்கொண்டே இருந்தது.
இப்போது பானெட்டுக்குள் ஒரு கறுப்புப் பெட்டி.
விரல் நீள ஆண்டெனா. எட்டு ரிலே.
சாவிக்கொத்தில் தொங்கும் ரிமோட்டை நசுக்கினால்
உள்ளே ஒரு டக்.
அவ்வளவுதான் பேச்சு.

ஒன்று, கூரை விளக்கு.
மூன்று, டயருக்குக் காற்று.
ஐந்து எதற்கென்று எனக்கே மறந்துவிட்டது.

பெட்டிக்குப் பெட்டி வேறு எண் சொல்லித்தர வேண்டும்,
ஒவ்வொரு பொத்தானுக்கும் தனியாக.
அந்த வாரம் இரண்டு வண்டிகள். எனக்குப் பல்வலி.
முதல் வண்டிக்குச் சொன்ன எண்ணையே
இரண்டாவதற்கும் சொல்லி அனுப்பிவிட்டேன்.
யார் கூப்பிட்டாலும்
இரண்டும் திரும்பிப் பார்க்கும்.

போயும் போயும் அவர்கள் வண்டிகளா?
ஆற்றுக்கு இந்தப் பக்கம் ஸ்வான்ஹில்டுர்,
அந்தப் பக்கம் பெர்க்ஸ்வெய்ன்.
காது வெட்டு அழிந்துபோன ஒரு கிடாய் யாருடையது என்று
ஒன்பது வருடமாய்ப் பேச்சில்லை.
கிடாய் செத்தே ஏழு வருடம்.

பெட்ரோல் நிலையத்தில் அவள் காற்றுக்கு அழுத்தினாள்,
அவன் வண்டியும் சேர்ந்து இருமத் தொடங்கியது.
என்னிடம் வந்தான். ஈரம் என்றேன்.
காரணம் தெரியாதபோது எங்கள் தொழிலில் ஈரம் என்போம்.
தெரிந்தபோதும்.

பிப்ரவரியில் ஓர் இரவு
மேட்டுக் குடிசையின் அடுப்பைப் பார்க்கப் போனவன் திரும்பவில்லை.
மீட்புக்குழுவின் முறை அவளுடையது.
வரைபடத்தில் அவன் புள்ளி அசையாமல் நின்றது.
புள்ளி நின்ற இடத்தில் வண்டி இல்லை, பனிதான்.
விளக்கைப் போட்டால் வெண்மை அதை வாங்கி
முகத்திலேயே வீசும். அணைத்துவிட்டு இறங்கினாள்.
இடுப்பில் கயிறு, கையில் கழி,
குத்தினாள், குத்தினாள், கழி ஆழமாய்ப் போனது, எதிலும் முட்டவில்லை.
முப்பது அடியில் கயிறு முடிந்தது.
திரும்பினால் தன் வண்டியும் இல்லை.
கயிறு ஒரு வெள்ளைக்குள் போய் மறைந்தது.

கையுறையைக் கழற்றி
ஒன்றை அழுத்தினாள்.

இடப்பக்கம் அவள் விளக்கு, தெரிந்தும் தெரியாமலும்.
வலப்பக்கம், கணுக்காலுக்குக் கீழே,
பனிக்குள் ஒரு மஞ்சள்.
முட்டை ஓட்டை வெளிச்சத்தில் பிடித்தால்
கரு தெரியுமே, அப்படி.

அணைத்தாள். இரண்டும் அணைந்தன.
போட்டாள். இரண்டும்.
கதவைத் தட்டுவதுபோல் எத்தனை முறை தட்டினாளோ,
பிறகு மண்வாரியை எடுத்தாள்.

புகைக்குழாய் அடைத்துக்கொண்டதால் எஞ்சினை நிறுத்திவிட்டு
தூக்கப்பைக்குள் சுருண்டு கிடந்தான்.
கண்ணாடி கீழிறங்கியதும் அவன் சொன்ன முதல் வார்த்தை:
"என் பேட்டரியைத் தீர்ப்பது நீதானா?"

திங்கட்கிழமை இருவரும் பட்டறைக்கு வந்தார்கள்.
பட்டறை மேசையின் இந்த முனையில் அவள், அந்த முனையில் அவன்,
பேசியதெல்லாம் என்னிடம்.
"எண்ணை மாற்று என்று சொல்" என்றாள் என்னிடம்.
"அவளுடையதை மாற்றட்டும்" என்றான், அதுவும் என்னிடம்.
நான் பானெட்டைத் தூக்கி
ஊசியால் சின்னத் துளையைக் குத்திப் பிடித்து
இரண்டாவது பொத்தானிலிருந்து தொடங்கினேன்.

ரசீதில் எட்டு என்று எழுதினேன்.
முற்றத்தில் நின்று அவள் எட்டையும் அழுத்திப் பார்த்தாள்,
முதல் பொத்தானுக்கு
அவன் வண்டி பட்டப்பகலில் கண் திறந்து மூடியது.

அவனும் பார்த்தான்.
மூக்கைத் துடைத்துக்கொண்டான்.
இருவரும் பாதிப் பாதி கொடுத்தார்கள்,
எட்டுக்கு.