மாதிரி இல. 17

மயிலிட்டியிலிருந்து வந்த போத்தல்.
ஒட்டியிருந்த தாளில் விக்கினராசாவின் சரிந்த கையெழுத்து:
"இருபத்தேழு வரியம் இறைக்காத கிணறு.
குடிக்கேலுமோ எண்டு பாத்துச் சொல்லுங்கோ."

சோதனைக்கு வேண்டியதை
அடைகாக்கும் பெட்டிக்குள் வைத்தாயிற்று.
கறண்ட் போகாவிட்டால்
நாளைக் காலை முடிவு.
மிச்சத்தில் ஒரு துளியை
(படிவத்தில் இதற்குக் கூடு இல்லை,
என் வேலையிலும் சேர்த்தி இல்லை)
தகட்டில் விட்டு
நுணுக்குக்காட்டிக்குள் குனிந்தேன்.

முதலில் வெறும் வெளிச்சம்.
பேந்து ஊர் தெரிந்தது.

செருப்படி போல் ஒன்று
உடம்பெல்லாம் பிசிர் துடிக்க வருகிறது,
பாசியில் முட்டுகிறது, பின்வாங்குகிறது,
கொஞ்சம் சரிந்து வேறு பக்கத்தால் போகிறது,
சென்றியில் திருப்பிவிட்ட சைக்கிள்காரன் மாதிரி.
பச்சையாய் இன்னொன்று, சிவப்புக் கண்பொட்டோடு.
வெயில் இருந்தால் மரம்போல் தானே சமைக்கும்,
இருட்டில் அக்கம்பக்கத்தை உறிஞ்சிக் கிடக்கும்.
தாவரவியல் ரீச்சரும் விலங்கியல் சேரும்
இரண்டு பேருமே தங்கட எண்டு படிப்பித்தது.
எங்கே எழுதினாலும் எனக்கு அரைப்புள்ளிதான் விழுந்தது.

புல்லுக்கு ஓரறிவு, எறும்புக்கு மூன்று,
எங்களுக்கு ஆறு என்று
படி படியாய் அடுக்கினவர்களுக்கு
இந்தக் கண்ணாடி கிடைக்கவில்லை.
கிடைத்திருந்தால் எந்தப் படியில் இருத்தியிருப்பார்கள்?
எனக்கென்னவோ
ஏணியை ஊன்றின சேறே இதுதான்.

ஒற்றைக் கலம்.
கலம் என்றால் சட்டிபானை,
கலம் என்றால் கடலில் போவதும்.
இது தானே பானை, தானே சோறு,
தானே வள்ளம், தானே ஓட்டி.
கரை என்று ஒன்று இருப்பது
இதற்குத் தெரியாது.

செருப்படி ஒன்றுக்கு இடுப்பு ஒடுங்கியது.
"சோறு ஆறுது" என்றாள் டொறின்.
வாறன் என்றேன். போகவில்லை.
முக்கால் மணித்தியாலம்.
நூலாய் இழுபட்டு, அறுந்து,
இரண்டும் இரண்டு திக்கில்.
எது தாய்?
அழுகையில்லை, கொள்ளியில்லை,
பிறப்புச் சான்றிதழுக்கு வரிசை இல்லை.
ஒருவரும் சாகவில்லை.
ஒருவரும் காணாமற் போகவுமில்லை.

வெறும் ஊர் என்றுதானே எல்லோரும் சொன்னோம்.
ஓடு போய், நிலை கதவு போய்,
விறாந்தைக்குள் ஆல் முளைத்து,
யாருமே இல்லாத ஊர்.
ஒரு நாளைக்கு ஒரு தரம் பிரிந்தது என்று வைத்தாலும்
பத்தாயிரம் தலைமுறை இந்தக் கிணற்றுக்குள்
பாஸ் இல்லாமல் குடியிருந்திருக்கிறது.
காணி உறுதி கேட்டு யாரும் போகவில்லை.
மாரி வந்தால் பெருகி,
கோடையில் சுண்ணக்கல் வெடிப்புக்குள்
கோதுகட்டிக் கிடந்து.

காலையில் குழாய்களெல்லாம் மஞ்சள், மேலே வாயுக் குமிழி.
புறா எச்சமோ, செத்த நாயோ.
அதுவும் ஒற்றைக் கலம்தான்;
என் குடலில் வாடகை தராமல் இருக்கிற இனம்.
அதன் சொந்தக்காரர் இல்லாமல் நேற்றைய சோறு
எனக்குச் செமித்திராது.
"உகந்ததல்ல" என்ற கூட்டில் சரி போட்டேன்.
மூன்று தரம் இறைக்கவும். குளோரின் இடவும்.
இரண்டு கிழமையால் திரும்ப அனுப்பவும்.

பத்து மணிக்குப் போன் வந்தது.
"தங்கச்சி, கிணத்துக்குள்ள ஏதும்... இருக்கோ?"
தண்ணீரைப் பற்றிய கேள்வி இல்லை அது.
எனக்கு அது விளங்கமுதல்
வாய் சொல்லிவிட்டது:
"ஓம் அண்ணை, இருக்கினம்."

இருக்கினம்.
ஆட்களுக்குச் சொல்கிற சொல்.
அந்தப் பக்கம் மூச்சும் கேட்கவில்லை.
"கிருமி, அண்ணை. கிருமியைச் சொன்னனான்."
"கிருமியோ" என்றார்.
கனநேரம் கழித்து இன்னொரு தரம், "கிருமிதானோ."

போத்தலில் அரைவாசி மிச்சம்.
சும்மா ஊற்றக்கூடாது, குளோரின் விட்டுத்தான்.
விட்டேன்.
பத்து நிமிடம் வைக்கவேண்டும்.
மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்,
போத்தலைப் பார்க்காமல்.