ஏரி கடலாக நடித்த வாரம்

பெய்ப்ஸி ஏரியில் உப்பில்லை, ஏற்றவற்றமும் இல்லை.
கதையிலோ அது அயர்லாந்தின் மேற்குக் கடல்.
மூன்றாம் பாகத்தில் நீர் வடியும்போது
பிணம் தெரியவேண்டும்.
வடியாத நீரில் எப்படித் தெரியும் என்று
கால்வேயிலிருக்கும் ஃபீக்ராவுக்கு எழுதினேன்.
"எஸ்தோனியாவில் நிலா கிடையாதா?"
என்று பதில் வந்தது.

இருக்கிறது, ஃபீக்ரா.
நிலாவுக்கு மானியம் இல்லை, அவ்வளவுதான்.

இங்கே செலவழித்தால் ஒரு பங்கு திரும்பி வரும்.
அதனால் கடல் இங்கே.
பிணம் பெல்ஜியத்துக்காரர்;
கொலையுண்டவர் கென்ட் நகரிலிருந்து வரவேண்டும்
என்கிறது ஒப்பந்தத்தின் ஒன்பதாம் பிரிவு.
விதவை லாட்வியா. துப்பறிபவர் அயர்லாந்து.
குதிரை மட்டும் எந்த நாட்டுக் கணக்கிலும் ஏறவில்லை.
அதை நான் பெட்ரோல் செலவில் எழுதினேன்.

நாலு தொலைக்காட்சிகள், நாலு பங்காளிகள்.
பாகப்பிரிவினை முதலிலேயே முடிந்துவிட்டது,
பிள்ளைதான் இன்னும் பிறக்கவில்லை.

கொல்க்யாவில் வேலி நெடுக வெங்காயச் சரங்கள்.
அயர்லாந்துக் கடற்கரையில் இது தொங்காது,
கழற்றுங்கள் என்றார் கலை இயக்குநர்.
வீட்டுக்காரி ஸினாய்தா மூன்று மடங்கு விலை சொன்னாள்.
கொடுத்தோம்.
நாற்பது பேர் ஒன்பது நாள்
காலையிலும் வெங்காயம் தின்றோம்.

விதவைக்கு ஒரே ஒரு வசனம்.
வலைக்கொட்டகையில் தார்ப்பாயை விலக்கி
"இவர்தான், ஆண்டவரே" என்று சொல்லவேண்டும்.
ஆண்டவரை எடுங்கள் என்றது ப்ரஸல்ஸ்.
'தான்' எதற்கு,
போலீஸிடம் இவ்வளவு உறுதியாகவா பேசுவாள் என்றது ரீகா.
இவர் என்பதும் வேண்டாமே,
பார்த்தால் தெரியாதா என்றார்கள் எங்கள் தாலின்காரர்கள்.
பதினோராவது திருத்தத்தில்
ஒரு கோடு மட்டும் மிஞ்சியிருந்தது.
ஃபீக்ரா எதுவும் எழுதாமல்
கையெழுத்துப் போட்டு அனுப்பினான்.

அக்டோபர், பிற்பகல் மூன்று மணி,
வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது.
மீன்பெட்டிகளின் மேல் லீவன் செத்துக் கிடந்தார்,
கோட்டுக்குள் வெந்நீர்ப் பை.
ஸ்காய்த்ரீட்டே தார்ப்பாயை விலக்கினாள்.
பார்த்தாள்.
வாத்துக்கூட்டமொன்று கத்திக்கொண்டே கடந்தது,
ஒலிப்பதிவாளர் கையைத் தூக்கியவர்
அப்படியே இறக்கிவிட்டார்.
கையுறையைக் கழற்றி
கோட்டின் மேல் பொத்தானைப் போட்டுவிட்டாள்.
அது பிரதியில் இல்லை.
முப்பத்தாறாவது நொடியில்
பிணத்தின் இடது கண்ணிலிருந்து
நீர் வழிந்து காதுக்குள் போனது.

யாரும் கட் சொல்லவில்லை.
நாற்பத்தொன்று வரை ஓடியது.

மறுபடி எடுத்தோம், இரண்டு முறை.
இரண்டிலும் பிணம் ஒழுங்காகச் செத்திருந்தது,
இரண்டும் தேறவில்லை.
கென்ட்டில் தொகுப்பவர்
முப்பத்தைந்தோடு வெட்டிக்கொள்வதாகச் சொன்னார்.

வேனில் திரும்பும்போது
என்ன நினைத்தாய் என்று ஸ்காய்த்ரீட்டேயைக் கேட்டேன்.
ஏழு பத்து ரயிலை, என்றாள்.
பின்னிருக்கையிலிருந்த லீவன்
யாரும் கேட்காமலே சொன்னார்:
அந்தக் கையில் வெங்காய வாடை.

தார்த்துவில், இரவு, கணக்குத் தாள்.
பயன்படாத காட்சிகளை
நாடுவாரியாகப் பிரித்துக் காட்டவேண்டும்.
எஸ்தோனிய மண்ணில், லாட்வியக் கையால்,
பெல்ஜியக் கண்ணிலிருந்து,
அயர்லாந்தின் கோட்டின் மேல்:
ஆறு நொடி.
நான்கு கட்டங்களிலும் பேனாவை வைத்துப் பார்த்தேன்.
பிறகு பெட்ரோல் பக்கத்தைத் திருப்பி
குதிரைக்குக் கீழே எழுதினேன்.