முதல் மிதி

ஏலகிரியிலிருந்து இறங்கும்போது
நாலாவது வளைவில் அந்த நாற்றம்.
யாரோ குப்பை கொளுத்துகிறார்கள் என்றேன்.
புளோரா கண்ணாடியை ஏற்றிவிட்டு
"நம்ம வண்டிதான்" என்றாள்.

பள்ளிகொண்டா டோலில் ஊர்ந்த நேரமெல்லாம்
வலது முன்சக்கரம் கீச்சிட்டது,
சிலேட்டில் ஆணி கீறுகிற மாதிரி.
வரிசையில் முன்னால் நின்ற லாரியின் கிளீனர்
இறங்கி வந்து பார்த்துவிட்டுப் போனான்.

ஆரணி ரோட்டுக் கடையில்
நாலு பேடும் ஆயிரத்து நூறு.
மாட்டுகிற கூலியை நானே எனக்குக் கொடுத்துக்கொள்வதாக முடிவு.

ஞாயிறு, விடியற்காலை ஐந்தரை.
கத்திரி வெயில் மலை ஏறி வருவதற்குள் முடிக்க வேண்டும்.
சத்துவாச்சாரியில் எங்கள் தெரு முழுக்கச் சரிவு,
எங்கள் வாசலில் மட்டும் ஒரு கார் நீளம் சமம்.
பின்சக்கரங்களுக்குக் கருங்கல் முட்டு.
ஜாக்கி ஏற்றுமுன் நட்டைத் தளர்த்த வேண்டுமாம்:
இதைத் தெரிந்துகொள்ளக் கால் மணி நேரமும்
ஒரு விரல்முட்டியின் தோலும் செலவு.
கழற்றிய சக்கரத்தை வண்டிக்கு அடியில் படுக்கப் போட்டேன்.
ஜாக்கி ஏமாற்றினால் அதுவாவது தாங்கட்டும்.

காலிப்பரைத் தூக்கி
சட்டை மாட்டும் ஹேங்கர் கம்பியால் கட்டினோம்.
"ஹோஸ்ல தொங்க விடாதீங்க.
டிரிப் குழாய் மாதிரிதானே, இழுத்தா போச்சு."
ஆண்கள் சர்ஜரி வார்டில் அவளுக்குப் பதினெட்டு வருஷம்.

வெளிப்பக்கத்து பேடில் பாதி மிச்சம் இருந்தது.
சக்கரத்தின் ஓட்டை வழியே டார்ச் அடித்து
போன மாதம் நான் பார்த்தது இதைத்தான்.
இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்று சொன்னதும்
இதை நம்பித்தான்.
உள்பக்கத்து பேடு
கைக்கு வந்தபோது வெறும் தகடு.
டிஸ்கில் விரல் வைத்தால் உழுத சால்.
கடைசலுக்குக் கொடுக்க வேண்டும். கொடுப்பேன்,
சம்பளம் வரட்டும்.

"இதுல என்ன தெரியுதுன்னா" என்று
குடும்பத்தைப் பற்றி ஏதோ ஆரம்பித்தேன்.
"பின்னைப் பாருங்க" என்றாள்.

பின் அசையவில்லை.
கிரீஸ் காய்ந்து, துருவேறி, வேர்க்கடலைத் தோல் நிறம்.
காலிப்பர் நகர முடியாமல்
உள்ளே இருந்ததே எல்லாவற்றையும் தேய்ந்து தாங்கியிருக்கிறது.
உவமையை விழுங்கிக்கொண்டு
உப்புத்தாள் எடுத்தேன்.

பிஸ்டனைத் தள்ள
கீழ்வீட்டு முனிரத்தினத்திடம் கடன் வாங்கிய கிளாம்ப்.
நான் திருகத் திருக
பானெட்டுக்குள் டப்பாவில் ஆயில் ஏறியது.
இருபது மில்லி ஊசியால்
பொங்குமுன் உறிஞ்சினாள், ஒரு சொட்டு சிந்தாமல்.
சிந்தினால் பெயிண்ட் உரியும்.

வலது பக்கம் மூன்று மணி நேரம்.
இடது பக்கம் நாற்பது நிமிடம்.
அதற்குள் பாறை காய்ந்து, தெரு காய்ந்து,
செருப்பில்லாமல் நிற்க முடியவில்லை.

முடிந்தது என்று கை கழுவி,
உட்கார்ந்து,
சும்மா ஒரு மிதி.

பெடல்
தரை வரைக்கும் போனது.

இல்லாத படியில் கால் வைத்த மாதிரி
வயிறு ஒருமுறை இறங்கியது.
வாசலைத் தாண்டினால் சரிவு,
சரிவின் அடியில் முனிரத்தினத்தின் புது கேட்,
கேட்டின் நிழலில் தூங்கும் செவலை.

"மிதிங்க."
ஜன்னலில் குனிந்திருந்தாள் புளோரா.
"திரும்ப. நிறுத்தாம."
நின்றுபோன நெஞ்சை அழுத்தும்போது
வார்டில் எண்ணுவாளே,
அந்தக் குரலில் எண்ணினாள்.
மூன்றில் இன்னும் காற்று.
ஐந்தில் எங்கோ மெத்தென்று ஏதோ.
எட்டில்
கால் நின்றது. அழுத்தினேன்,
பதிலுக்கு அழுத்தியது.

கல்லை எடுத்தோம்.
இடது கை ஹேண்ட்பிரேக்கை விடவே இல்லை,
நடக்கிற வேகத்தில் சரிவில் இறங்கி
செவலைக்கு நாலடி முன்னால் நிறுத்தினேன்.
கீச்சில்லை.

அது ஒரு காதை மட்டும் அசைத்தது,
அதுவும் ஈக்காக.