ஈரப்பதம் தொண்ணூற்றொன்று

ஜுபைலில் ஆகஸ்ட்.
வெளியே கால் வைத்ததும்
மூக்குக்கண்ணாடி குருடாகிவிடுகிறது.
சட்டைப்பையில் பேனாவுக்கும் வியர்க்கிறது.
இந்த ஊரில்தான்
ஈரமே ஆகாத ஒன்றுக்கு
நான் காவல்.

நீரற்ற அலுமினியம் குளோரைடு.
பார்வைக்கு வெளிர்மஞ்சள்,
கல்லுப்பை அரைகுறையாய் இடித்த மாதிரி.
மூடியைத் தளர்த்தினால் போதும்,
காற்றில் ஒளிந்த தண்ணீரை மோப்பம் பிடித்துப்
புகைந்தெழும். தொண்டைவரை அமிலம்.
பாதி தீர்ந்த புட்டி இன்னும் மோசம்:
எப்போதோ நுழைந்த ஈரத்தோடு
மாதக்கணக்கில் தனியே சண்டையிட்டு
உள்ளே வாயு முட்டிக்கொண்டிருக்கும்.
முகத்தைத் திருப்பு.
கால் திருகு திருகி, பொறு.
அது மூச்சு விடட்டும்.

நைட்ரஜன் பெட்டியின் ரப்பர் கைகளுக்குள்
என் கைகளை நுழைத்து அளக்கும்போது
விரல்கள் யாருடையவோ.
நூற்று முப்பத்து மூன்று கிராம்.
வெளியே எடுக்குமுன் தலையில் துண்டு கட்டுவேன்,
நெற்றியிலிருந்து ஒரு சொட்டு விழக்கூடாதென்று.
"கல்யாண மாப்பிள்ளை" என்பான் ரெஜிமோன்.

புதன் இரவு ஷிப்டில்
ஃபோர்க்லிஃப்டின் முள் டிரம்மைக் கிழித்தது.
வெண்புகை தரையோடு ஊர்ந்தது.
வந்து பத்து நாளான தில்பகதூர்
நெருப்பென்று நினைத்துத்
தண்ணீர்க் குழாயை இழுத்துக்கொண்டு ஓடிவந்தான்.
கத்தினேன். தமிழில்.
அந்த நேரத்தில் வேறெது வரும்?
சொல் புரிந்ததோ முகம் புரிந்ததோ,
நின்றுவிட்டான்.

பிறகு முகமூடி, பிளாஸ்டிக் மண்வெட்டி,
மூட்டை மூட்டையாய் உலர்ந்த மணல்.
பாலைவனத்தில் மணலை விலைக்கு வாங்கியா என்று கேட்காதீர்கள்.
வாசலில் கிடப்பது
இரவெல்லாம் கடலைக் குடித்திருக்கும்.

விடிந்தபோது
தூணுக்குப் பின்னால் தப்பிய ஒரு பிடி
வேண்டிய நீரைக் கட்டிக்கொண்டு
புகையாமல், சீறாமல்
நசநசவென்று கிடந்தது.
"காயவைத்தால் பழையபடி ஆகாதா, பாய்?"
அவனுடைய இந்தியும் என்னுடைய இந்தியும்
ஒருவழியாகச் சந்தித்துக்கொண்டன.
ஆகாது.
சுட்டுப் பார்,
தண்ணீரைத் தனியே போக விடாது,
கூடவே தன் குளோரினையும் அனுப்பிவிடும்.
மிஞ்சுவது வெறும் வெள்ளைப் பொடி.

அவன் கையுறையைக் கழற்றிக் கவிழ்த்தான்.
ஒரு கரண்டி வியர்வை கொட்டியது.
உள்ளங்கை ஊறிச் சுருங்கி
எழுபது வயதுக் கையாய் இருந்தது.
இருபத்திரண்டுதான் அவனுக்கு.

பதிவேட்டில் எழுதினேன்:
வீணானது பதினோரு கிலோ.
காயம் எவருக்கும் இல்லை.
ஈரப்பதம் என்ற கட்டத்தில் தொண்ணூற்றொன்று.

கதவைத் திறந்தேன்.
கண்ணாடி மூடிக்கொண்டது.
துடைத்தேன்,
மறுபடி மூடிக்கொண்டது.