பெயர்ப் பயனிலை

ஏழாம் மாடி, டுப்ளிகேஷன் வீதி.
லஞ்ச் ஷீற்றில் பருப்பு ஆறிக்கொண்டிருக்க
அஞ்சுல கேட்கிறான்:
எச்.ரி.எம்.எல் எழுதுகிறவரை
எஞ்சினியர் என்று எப்படிப் போடுவது?
நக்கலாக அல்ல.
சம்பளப் பட்டியல் வெள்ளிக்கிழமை போகவேண்டும்,
என் பெயருக்கு நேரே ஒரு கட்டம் வெறுமையாய்க் கிடக்கிறது.

ரிஸ்மினா முட்டையை விரலால் பிளந்தபடி சொல்கிறாள்:
அது கூட்டாது, கழிக்காது.
இப்படியென்றால் அப்படிச் செய் என்று சொல்லத் தெரியாது.
முடியும்வரை திரும்பச் செய் என்றும் தெரியாது.
முடிவெடுக்காத ஒன்று என்ன நிரல்மொழி?
மல்லித்தூள் போத்தலில் ஒட்டின துண்டு
கறி வைக்குமா, சொல்லுங்கோ.

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.
நல்ல உவமை; அவள் கெட்டிக்காரி.
புதிதாய் வந்த திலிண மட்டும்
வாயில் சோற்றோடு முணுமுணுத்தான்:
பிரவுசர் அதை அப்படியே நம்புகிறதே.
அவனை யாரும் கவனிக்கவில்லை.

பதினொரு வருடமாய்த் துண்டு ஒட்டுகிறவள் நான்.
இது தலைப்பு. இது பந்தி. இது படம்,
படத்தைக் காணமுடியாதவருக்கு இந்த ஒரு வரி.
திறந்ததை மூடவேண்டும். ஒருமுறை மறந்துபோய்
ஒரு வங்கியின் பக்கம்
வட்டிவீதம் முதல் தொலைபேசி இலக்கம் வரை
தடித்த எழுத்தில் அலறியது, ஒரு போயா நாள் முழுக்க.

ஆகவே எனக்குத் தெரியும், அவர்கள் சொல்வது சரி.
என் வரிகளில் வினை இல்லை.
ஆனால் தமிழில்
வினை இல்லாமலே வாக்கியம் முடிந்துவிடும்.
இது கல்.
இவர் ரிஸ்மினா.
எழுவாய், பக்கத்தில் ஒரு பெயர், முற்றுப்புள்ளி.
நடுவே ஒரு முட்டுக்கொடுப்பும் வேண்டாம்.
பெயர்ப் பயனிலை என்று படித்தது,
ஐந்து புள்ளிக் கேள்வி.

இவள் இன்னாள்.

வெள்ளவத்தையில் நான் ஏறிய நூற்றியோராம் இலக்க பஸ்
பம்பலப்பிட்டியில் மணல் மூடைகளுக்கு முன் நின்ற காலம்.
எனக்கு இருபத்திரண்டு. கையில் ஜாவா புத்தகம்,
அதற்குள் அடையாள அட்டை.
அட்டை கூட்டவில்லை, கழிக்கவில்லை.
ஒரு பக்கம் பெயர், இரண்டு மொழியில்.
மறுபக்கம் பிறந்த இடம்: சாவகச்சேரி.
லேமினேற் பண்ணிய, சாதுவான, வினையில்லாத துண்டு.

மிச்சமெல்லாம் வாசித்தவனிடம் இருந்தது.
இந்த ஊரென்றால் இறங்கு.
இல்லையென்றால் இரு.
பஸ் முடியும்வரை அடுத்த சீற்.
அவனுக்கும் என் வயதுதான் இருக்கும்,
மேலுதட்டில் வியர்வை. அதை எழுதியது அவனில்லை.
கடல் தெரிகிற ஒழுங்கை வாயில்
ஒன்பது பேர் நின்றோம்.
பஸ் போய்விட்டது. டிக்கட் காசு திரும்பி வரவில்லை.

இதை நான் சாப்பாட்டு மேசையில் சொல்லவில்லை.
மார்க்கப் என்றே போடுங்கோ அஞ்சுல, பரவாயில்லை;
சம்பளத்தை மட்டும் கூட்டிப் போடுங்கோ,
கூட்டத் தெரிந்தவர் நீங்கள்தானே.
அதற்கும் சிரித்தார்கள்.
கட்டத்தில் அவன் ஏதோ தட்டினான்,
என்னவென்று நான் எட்டிப் பார்க்கவில்லை.

மூன்று மணிக்கு ஒரு காப்புறுதிப் படிவம் வந்தது.
முழுப்பெயர். பிறந்த திகதி.
பிறந்த இடம்.
கேர்சர் அங்கேயே நின்று துடித்தது.
ரிஸ்மினா,
இதை வாங்கி என்ன செய்யப்போகிறது உங்கட கோட்?

ஹெட்போனைக் கழற்றி அவள் திரையைப் பார்த்தாள்,
பிறகு என்னை.

இன்னும் எழுதவில்லை அக்கா, என்றாள்.