பெல்ட்டை முழுசாக இழுத்துப் பாருங்கள்

ஏழு லட்சத்து நாற்பது.
காலையிலிருந்து அந்த எண்ணை
நாக்கில் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.
விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை.

ஈக்காட்டுத்தாங்கலில்
தகரக் கூரைக்குக் கீழே நிற்கிறது அது.
கறுப்பு. நீளம்.
"ஒரே ஓனர் சார், எம்.டி. வண்டி.
அவர் பின் சீட்டுதான்,
முன்னாடி டிரைவர் மட்டும்"
என்கிறார் ஷஃபியுல்லா,
டிரைவர் உட்கார்ந்தால் சீட்டு தேயாது என்பதுபோல.

பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.
கதவு சாத்தியதும் நூறடிச் சாலை
வேறு யாருடைய ஊரிலோ ஓடியது.
கால் நீட்ட இடமிருந்தது,
எங்கள் பால்கனியில் இல்லாத இடம்.
சற்று நேரம் கழித்துத்தான் உறைத்தது:
எனக்கு டிரைவர் கிடையாது.
இதை வாங்கினால்
நான்தான் அந்த முன் சீட்டு.

ஆஸ்பத்திரிக் கட்டில் விற்பவன் நான்.
இரண்டு மடக்கு, மூன்று மடக்கு, ஐ.சி.யூ. மாடல்.
பத்தொன்பது வருடமாக ஸ்கூட்டரில் போய் விற்கிறேன்.
ஹெல்மெட்டைக் கழற்றியதும்
ஒட்டிக் கிடக்கும் முடியைப் பார்த்தே
பத்து சதவீதம் குறைக்கச் சொல்கிறார்கள்.
போன மாதம் கிரீம்ஸ் ரோட்டில்
போட்டிக் கம்பெனி தேவசகாயம்
இப்படி ஒன்றிலிருந்து இறங்கினார்.
செக்யூரிட்டி எழுந்து நின்றார்.
எனக்கு, "பைக்கெல்லாம் பின்னாடி சார்."

அன்றிரவு கால்குலேட்டரோடு உட்கார்ந்தேன்.
இன்ஷூரன்ஸ் முப்பத்தெட்டாயிரம்.
டயர் நாலும் இந்த வருடமே.
லிட்டருக்கு ஒன்பது,
அண்ணா சாலையில் ஏழு,
மெட்ரோ தோண்டிய இடங்களில் கேட்காதீர்கள்.
அபார்ட்மென்டில் எனக்கு விட்ட இடம்
தூணுக்கும் மோட்டார் ரூமுக்கும் நடுவே.
டேப் பிடித்து அளந்தேன்.
வண்டி நுழையும்.
நுழைந்த பிறகு கதவு திறக்காது.

"அப்போ உள்ளேயே படுத்துக்கோங்க"
என்றாள் தாமரைச்செல்வி.
"கட்டில் ஒண்ணு மிச்சம்."

ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் டில்லிபாபுவை
டீ வாங்கிக் கொடுத்துக் கூட்டிப் போனேன்.
அவன் பானெட்டைத் திறக்கவில்லை,
கிலோமீட்டரைக் கேட்கவில்லை.
டிரைவர் சீட்டு பெல்ட்டைப் பிடித்து இழுத்தான்,
இழுத்துக்கொண்டே போனான்,
தி.நகர்க் கடையில் முந்தானை காட்டுவதுபோல.
கடைசிச் சாணில்
சேறு காய்ந்த ஒரு கோடு.

"தண்ணி பாத்த வண்டிணா."

ஷஃபியுல்லா வானத்தைப் பார்த்தார்.
அங்கே மேகம் எதுவும் இல்லை.

அந்தக் கோட்டை எனக்குத் தெரியும்.
வேளச்சேரியில் எங்கள் பழைய வீட்டில்
ஜன்னலுக்கு ஒரு விரற்கடை கீழே
நாலு சுவரிலும் ஓடியது.
பிளீச்சிங் பவுடர், பட்டி,
அதன்மேல் இரண்டு கோட் சந்தன நிறம்,
அப்படியும் தெரிந்த மூலையில்
ஜவுளிக்கடைக் காலண்டர்.
பார்க்க வந்த அரக்கோணத்துக்காரர்
சுவரைத் தட்டிப் பார்த்தார்,
குழாயைத் திறந்து மூடினார்,
பூஜை ரூம் எந்தத் திசை என்றார்.
படியிறங்கும்போதுதான் கேட்டார்:
"மழைக்குத் தண்ணி நிக்குமா?"

"தெருமுனையில கொஞ்சம்" என்றேன்.

"வந்துருணா" என்றான் டில்லிபாபு காதருகே.
"ஆறு மாசம் நல்லா ஓடும்.
அப்புறம் ஒயரிங் ஒண்ணொண்ணா
பேச ஆரம்பிக்கும்."

"ஐந்தரை" என்றார் ஷஃபியுல்லா,
யாரும் எதுவும் கேட்காமலே.

அவரைத் திட்ட வாயெடுத்தேன்.
வார்த்தை வரவில்லை.
என் குரலிலேயே பேசிக்கொண்டிருந்தார் மனிதர்.
பெல்ட்டை டில்லிபாபு கைவிட்டான்.
அது நிதானமாக, ஒரு சத்தமும் இல்லாமல்
தன் கோட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

கத்திப்பாரா தாண்டி ஒரு சிக்னலில் நிற்கும்போது
அரக்கோணத்துக்காரர் பெயர் நினைவுக்கு வந்தது.
ஏகாம்பரம்.
செல்லில் அவர் நம்பர்
'வீட்டு பார்ட்டி' என்று இருக்கிறது.
இத்தனை மழைக்கும்
அழைத்ததும் இல்லை, அழித்ததும் இல்லை.

பச்சை விழுந்தது.
ஐந்தேகால் கேட்டிருக்கலாமோ.