பல்லி விழுந்த பலன்

வாழைச்சேனைத் துறையடி.
இரவு பதினொன்றே கால்.
லாபிர் காக்காவின் குளிரறை
குளிரை மறந்து நாலு மணித்தியாலம்.
உள்ளே இரண்டாயிரத்து நூறு கிலோ:
சூரை, பாரை,
நடுவில் ஆள் நீளத்துக்கு ஒரு தளப்பத்து.
கதவைத் திறக்க வேண்டாம் என்கிறேன்.
திறந்து திறந்து பார்க்கிறார்,
காய்ச்சல் பிள்ளையின் நெற்றியைத் தொடுகிறவர் போல.

"பல்தசார் வந்து பாத்துட்டுப் போய்ட்டான் தம்பி.
மோட்டர் எரிஞ்சிட்டாம். புதுசுதான் போடணுமாம்.
ஒம்பது லட்சமாம்."
தொகையைச் சொல்லும்போது அவர் குரல்
தராசுத் தட்டாக ஒரு பக்கம் சாய்ந்தது.

முதலில் காதால் பார்த்தேன்.
ஆளியைப் போட்டதும் ஒரு முனகல்,
தூக்க முடியாத மூட்டைக்குத்
தோள் கொடுத்தவனின் முனகல்.
ஏழு விநாடி.
டக்.

செத்தது முனகாது.

ஆளியை அணைத்துப் பூட்டித்
திறப்பைச் சட்டைப் பைக்குள் போட்டேன்.
மூடியைக் கழற்றி முனைகளில் மீற்றரை வைத்தேன்.
இரண்டு தசம் ஒன்று.
இரண்டு தசம் ஒன்று.
இரண்டு தசம் ஒன்று.
ஒத்துப்போகும் மூன்று சாட்சிகள்.
உடலுக்குக் கசிவும் இல்லை.
பல்தசார் மீற்றரை வெளியிலேயே எடுக்கவில்லை என்று
எனக்குள் ஒரு சின்ன வெடி வெடித்தது.
சந்தோசம்தான், மறைப்பானேன்.

பிறகு பெட்டியைத் திறந்தேன்.
கொன்டாக்டரின் மூன்று கதவுகளில்
நடுக்கதவு மூடவில்லை.
இடையில் ஒரு பல்லி,
கறுத்து, தட்டையாகி,
வால் மட்டும் இன்னும் வெள்ளையாக.

தலையில் விழுந்தால் ஒரு பலன்,
தோளில் விழுந்தால் ஒரு பலன்.
நானூறு வோல்ட்டில் விழுவதற்குப்
பஞ்சாங்கக்காரர் எதுவும் எழுதி வைக்கவில்லை.

குறட்டால் எடுத்தெறிந்தேன்.
பையில் கிடந்த புதுசைப் பூட்டினேன்.
கொம்பிரசர் ஓடியது.
காக்கா என் முதுகில் அறைந்தார்.
ஐஸ் உடைக்கும் பையன்கள் விசிலடித்தார்கள்.
ஒருவன் பல்லியைப் படம் எடுத்தான்.

அப்போதே போயிருக்கலாம்.

மானிகளை மாட்டினேன், பழக்கதோசம்.
நீல முள் எழுபதில் நின்றது, இறங்க வேண்டியது.
சிவப்பு முள் நூற்றைம்பதில், ஏற வேண்டியது.
இந்தத் தொழிலில்
அவை இரண்டும் சமாதானமாகக் கூடாது.
உறிஞ்சும் வழியை அடைத்தேன்.
பூச்சியத்துக்குக் கீழே போகவேண்டிய முள்
முப்பத்தைந்தில் மூச்சு வாங்கியது.
நிறுத்தியதும் விறுவிறென்று மேலே வந்தது.

வால்வுத் தகடு உடைந்திருக்கிறது.
தலையைக் கழற்றாமலே தெரியும்.
"ஒரு மாசமா நிக்காம ஓடுது தம்பி,
கரண்ட் பில்லைப் பாருங்க" என்று
வாசலில் காக்கா சொன்னது இப்போதுதான் காதில் விழுந்தது.
பல்லி இன்றைக்கு விழுந்தது.
தகடு எப்போதோ.

வாயு வரவேண்டிய இடத்துக்குத்
திரவம் வந்தால் உடையும்.
திரவம் ஏன் வந்தது?

மாசியில், இதே சீமெந்தில் முழங்காலிட்டு,
"கொஞ்சம் கெதியாக் குளிரட்டுமே" என்று அவர் கேட்க,
விரிவு வால்வின் திருகாணியை
ஒன்றரைச் சுற்றுத் திறந்தவன் நான்.
அடுத்த கிழமை வந்து பார்க்கிறேன் என்றவனும் நான்.

பல்லி நிலத்தில் கிடந்தது.
எல்லாப் பழியையும் சுமக்கும் அளவுக்குச்
செத்திருந்தது.

"வால்வுத் தகடு போயிட்டு காக்கா.
மெசின் புதுசு வேணாம்.
கொழும்பிலருந்து தகடு வரணும்,
ஒரு லட்சத்துக்குள்ள முடியும்.
மீனை இப்பவே ஐஸில ஏத்துங்க."

"எப்பிடிப் போச்சு?"

பல்லி என்று சொல்லவில்லை.
"ஓடுற சாமான்தானே, போகும்" என்றேன்.

"கூலி?"

"வேணாம்."

அவர் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.
இந்தக் காலத்தில் இப்படி ஒரு ஆளா என்றார்.
அல்லாஹ் பறக்கத் செய்வான் என்றார்.
ஐஸ் நிரப்பிய பையில் ஒரு அறக்குளாவைத் திணித்து
மோட்டார் சைக்கிள் ஹேண்டிலில் மாட்டிவிட்டார்.

கிரான் சந்தி தாண்டிச்
சித்தாண்டி வரைக்கும்
பை சொட்டிக்கொண்டே வந்தது
என் முழங்காலில்,
எண்ணக்கூடிய வேகத்தில்.